பெயரும் பதிவும்: மின்பதிப்புகளில் புலவர் அடையாளம்

முன்னுரை

பழந்தமிழ் நூல்களை எக்ஸ்.எம்.எல். குறியீட்டு மொழியில் பதிப்பிப்போர், பாடலில் வரும் பெயர்களைக் குறியிட்டு, அவற்றை வேறோர் ஆவணத்திலுள்ள பெயர்ப்பதிவுகளோடு இணைக்க இயலும். அப்பதிவில் அப்பெயர்க்குரியவரின் வரலாறும் அவர்தம் பிற பெயர்களும் இடம்பெறும். இவ்விணைப்பினை எழுத்தர் பணியாக எண்ணி உதவியாளரிடம் விட்டுவிடுவதுண்டு. ஆயின், ஒவ்வோர் இணைப்பும் ‘இவர் இன்னார்’ என்று கூறும் ஓர் ஆய்வு முடிபாகும். அம்முடிபுக்குரிய பொறுப்பும் ஐயமும் மின்பதிப்பில் மறைந்துவிடக் கூடாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அச்சுப் பதிப்பின் முன்மாதிரி

பெயர்ப்பதிவு நமக்குப் புதியதன்று. உ.வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டில் வெளியிட்ட புறநானூற்றுப் பதிப்பில் பாடினோர், பாடப்பட்டோர் வரலாறுகளைச் சேர்த்திருந்தார். பாடலின் கீழுள்ள புலவர் பெயரைக் காணும் வாசகர் அவ்வரலாற்றைத் தாமே தேடிச் செல்வார். ஐயம் எழுந்தால் நின்று சிந்திப்பார். மின்பதிப்பிலோ அவ்வழியைப் பதிப்பாசிரியர் முன்னரே வகுத்துவிடுகிறார். வாசகர் சொடுக்குகிறார், பதிவு திறக்கிறது. இடையில் எடுக்கப்பட்ட முடிபு அவர் கண்ணில் படுவதில்லை.

இணைப்பின் இயல்பு

1998இல் வெளிவந்த எக்ஸ்.எம்.எல். வரையறையில் அடையாளக் குறிப்பு ஓர் ஆவணத்தினுள் மட்டுமே செல்லுபடியாகும். மனிதவியல் நூல்களுக்கான குறியீட்டு நெறிகளை வகுக்கும் ‘டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ்’ அமைப்பு, 2002ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பில் பெயருக்குக் ‘கீ’ என்னும் பண்பினை வழங்கியது. அது ஒரு குறிச்சொல். அதன் பொருளை அத்திட்டத்தார் மட்டுமே அறிவர். 2007இல் வந்த ஐந்தாம் பதிப்பின் ‘ரெஃப்’ என்னும் பண்போ, பதிவு எந்தக் கோப்பில் எந்த இடத்தில் உள்ளது என்பதை முகவரியாகவே தருகிறது. இதனால் ‘கபிலன்’, ‘கபிலர்’, ‘கபிலரை’ என எவ்வடிவில் வரினும் எல்லாவற்றையும் ஒரே பதிவுக்குச் செலுத்தலாம். வடிவ வேறுபாடு இங்குச் சிக்கலன்று. ஆள் வேறுபாடே சிக்கல்.

கபிலர் ஒருவரா?

பாரியைப் பாடிய சங்கப் புலவர் கபிலர். தொல்கபிலர் என்பவரும் சங்கப் புலவரே. இன்னா நாற்பதும் கபிலர் பெயரில் வழங்குகிறது. பதினோராம் திருமுறையில் கபிலதேவ நாயனார் உள்ளார். பெயரொற்றுமையை மட்டும் கொண்டு இவர்களை ஒரே பதிவில் சேர்த்தால் விளைவது என்ன? மாணவர் ஒருவரின் இடுபணியில், பறம்புமலைக் கபிலர் மூத்த பிள்ளையார்மீதும் இரட்டை மணிமாலை பாடினார் என்றிருந்தது. அவரை வினவியபோது, மின்தொகுப்பு ஒன்றில் இரண்டும் ஒரே பதிவின்கீழ் இருந்தமையைக் காட்டினார். பிழை மாணவருடையது அன்று.

இதற்கு மறுதலையான சிக்கலும் உண்டு. மாறோக்கத்து நப்பசலையார் புறநானூற்று 174ஆம் பாடலில் கபிலனைப் பெயர் சுட்டியே கூறுகிறார். 126ஆம் பாடலிலோ பெயர் கூறாது, மாசற்ற அறிவுடைய அந்தணன் என்றே குறிக்கிறார். அவர் கபிலரே என்பது உரை வழியாக நாம் பெறும் செய்தி. பெயரை மட்டும் தேடிக் குறியிடும் கணினிநிரல் இவ்விடத்தைக் கடந்து சென்றுவிடும். பெயரல்லாத சுட்டுத்தொடர்களுக்கெனத் தனிக்குறி அந்நெறிகளிலேயே உள்ளது; அதனை இட உரையறிவு வேண்டும்.

ஐயத்தைப் பதிதல்

அந்நெறிகள் மேலும் இரு பண்புகளைத் தருகின்றன. ‘செர்ட்’ என்பது இணைப்பின் உறுதிப்பாட்டை உயர்வு, இடைநிலை, தாழ்வு, தெரியாதது என வகுத்துரைக்கும். ‘ரெஸ்ப்’ என்பது அம்முடிபைச் செய்தவரைக் காட்டும். இவ்விரண்டையும் இடாத பதிப்பில், 174ஆம் பாடலின் உறுதியான இணைப்பும் இன்னா நாற்பதின் ஐயத்திற்குரிய இணைப்பும் ஒரே தோற்றம் பெறுகின்றன.

பதிவுகளை அமைக்கும் முறையிலும் கவனம் தேவை. தொடக்கத்தில் ஒவ்வொரு நூலின் கபிலருக்கும் தனிப்பதிவு அமைத்தலே தக்கது. இருவரும் ஒருவரே என்பது பின்னர்த் தெளிந்தால், காரணம் காட்டி அப்பதிவுகளை இணைத்துக் காட்டலாம். முதலிலேயே ஒன்றாக்கியவற்றைப் பின்னர்ப் பிரிக்க, நூறு பாடல்களுக்கு மேற்பட்டவற்றின் இணைப்புகளை மீண்டும் ஒவ்வொன்றாக ஆராய நேரும். சேர்த்தல் எளிது, பிரித்தல் அரிது.

முடிவுரை

உரையாசிரியர்கள் ஒரு தொடருக்கு இரு பொருள் கொள்ள இடமிருப்பின் இரண்டையும் கூறிச் செல்வர். தமக்கு உடன்பாடானது எது என்பதையும் சுட்டுவர். அந்நேர்மையை மின்பதிப்பும் கொள்ளுதல் வேண்டும். இன்றைய மாணவர் பலர் கபிலரை முதன்முதலாகச் சந்திப்பது தேடற்பெட்டியின் வழியே. அங்கு அவர் காணும் பதிவு யாருடைய முடிபு, எத்துணை உறுதியானது என்று வினவ அவரைப் பழக்குதல் ஆசிரியர் கடன். அவ்வினாவுக்கு விடையளிக்கும் வகையில் பதிப்பை அமைத்தல் பதிப்பாசிரியர் கடன்.