ஏழு சென்டிமீட்டரும் ஒரு நொடியின் ஆயிரத்திலொரு பங்கும்

விளையாட்டைப் பற்றி எழுதுவது நம் சிறுபத்திரிகைச் சூழலில் ஏறக்குறையத் தீட்டுப்பட்ட காரியம். கிரிக்கெட்டைத் திட்டி எழுதலாம், அதற்கு அனுமதி உண்டு. சினிமா சுவரொட்டியைப் பிரதியாக வாசிக்கலாம், அரசியல் கட்-அவுட்டை வாசிக்கலாம். ஆனால் தினசரியின் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் வரும் விளையாட்டுப் படத்தை எடுத்து வைத்து வாசிக்கிறேன் என்றால், ‘இந்த ஆளுக்கு வேற வேலை இல்லையா’ என்றுதான் கேட்பார்கள். அதுவும் பெண்கள் ஆடும் பீச் வாலிபால் படம் என்றால் கேட்கவே வேண்டாம். முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிடும். அந்தச் சிரிப்பில்தான் விஷயமே இருக்கிறது. பார்ப்பதற்கு முன்பே என்ன பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துவிட்டவர்களின் சிரிப்பு அது.

2016 ஆகஸ்ட் 7, ரியோ ஒலிம்பிக், கோபகபானா கடற்கரை. எகிப்தும் ஜெர்மனியும் ஆடுகின்றன. ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் புகைப்படக்காரர் லூசி நிக்கல்சன் எடுத்த ஒரு படம் மறுநாளே உலகம் முழுக்கப் பரவியது. நடுவில் வலை. ஒரு பக்கம் தோஆ எல்கோபாஷி: தலையில் ஹிஜாப், நீளக்கை, கணுக்கால்வரை இறுகிய கால்சட்டை. மறுபக்கம் கீரா வால்கன்ஹார்ஸ்ட், பிகினியில். இருவரும் எம்பியிருக்கிறார்கள். இருவர் கைகளும் ஒரே பந்துக்காக மேலே போகின்றன.

பல பத்திரிகைகள் இதை ‘பண்பாடுகளின் மோதல்’ என்று தலைப்பிட்டன. இன்னும் சில, ‘ஒலிம்பிக்கின் ஒற்றுமை’ என்றன. இரண்டும் ஒரே வாசிப்புத்தான். மோதல் என்பவரும் கூடல் என்பவரும் முதலில் இரண்டு பெண்களையும் இரண்டு பண்பாடுகளாக மாற்றியாக வேண்டும். துணி அளவை வைத்து ஒருத்தி கிழக்கு, ஒருத்தி மேற்கு. ஆட்டம் எங்கே போனது? பந்து யார் பக்கம் விழுந்தது? ஜெர்மனி இரண்டு நேர் செட்டில் ஜெயித்தது என்பதோ, அதே வால்கன்ஹார்ஸ்டும் லாரா லுட்விக்கும் அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார்கள் என்பதோ அந்தப் படத்தின் பின்கதைக்குள் வரவே இல்லை.

அந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றவர்களைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். எல்கோபாஷியின் ஜோடி நாடா மேவாத். அவரும் எகிப்தியர், அவரும் நீளக்கைச் சட்டைதான் போட்டிருந்தார். ஆனால் ஹிஜாப் அணியவில்லை. ஒரே அணியில், ஒரே கொடியின் கீழ், ஒருத்தி தலையை மூடியிருக்கிறாள், ஒருத்தி மூடவில்லை. எகிப்திலிருந்து ஒலிம்பிக்குக்குப் போன முதல் பெண்கள் பீச் வாலிபால் ஜோடி இது. மேவாத் சட்டத்துக்குள் வந்திருந்தால் ‘இஸ்லாமியப் பெண்’ என்ற ஒற்றை பிம்பம் அங்கேயே உடைந்திருக்கும். நால்வர் ஆட்டத்தில் இருவரை வெட்டி எடுத்தபிறகுதான் இரண்டு நாகரிகங்கள் கிடைக்கின்றன. மூன்றாவது ஆள் வந்தால் இருமை எதிர்வு தாங்காது.

புகைப்படக்காரரைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. வலையருகே இருவர் எம்பும்போது நீண்ட லென்சில் இருவர்தான் அகப்படுவார்கள். எடுத்தவரும் ஒரு பெண். லாரா மல்வி 1975இல் எழுதிய கட்டுரையிலிருந்து ‘ஆண் பார்வை’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு எல்லாப் படத்திலும் முத்திரை குத்திவிட்டு நகர்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. பார்வை என்பது கேமராவுக்குப் பின்னால் இருக்கும் கண்ணின் பால் அல்ல. எந்த இடத்தில் உட்கார அனுமதிக்கிறார்கள், எந்தப் படத்தை மேசையில் இருப்பவர் தேர்ந்தெடுக்கிறார், எதன் கீழ் என்ன வாசகம் போடுகிறார் என்ற முழுச் சங்கிலியும் சேர்ந்ததுதான் பார்வை. அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி விதிப்புத்தகம்.

1999இல் சர்வதேச வாலிபால் சம்மேளனம் பீச் வாலிபாலுக்குச் சீருடை வகுத்தது. பெண்களின் கீழாடை பக்கவாட்டில் அதிகபட்சம் 7 சென்டிமீட்டர் அகலம் இருக்கலாம். அதிகபட்சம் என்பதைக் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பாவாடைக்குக் குறைந்தபட்ச நீளம் வைப்பார்கள், இங்கே துணிக்கு உச்சவரம்பு. ஆண்களுக்கு அரைக்கால் சட்டையும் கையில்லாத பனியனும். கடற்கரை, வெயில், மணல் ஒட்டாது என்று காரணங்கள் சொல்லப்பட்டன. ஆண்கள் மட்டும் வேறு வெயிலிலா ஆடினார்கள்? 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு முன் விதி தளர்ந்தது: முழங்காலுக்கு 3 சென்டிமீட்டர் மேல்வரை அரைக்கால் சட்டை போடலாம், கை வைத்த சட்டையும் போடலாம். ஏழு போய் மூன்று வந்தது. அளவுகோலைக் கீழே வைக்க மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை.

இந்த வரலாற்றின் வாசலிலேயே நிற்கிற ஒரு பெண்ணை நாம் மறந்துவிட்டோம். இந்த விளையாட்டு ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1996இல், அட்லாண்டாவில். பெண்களுக்கான முதல் தங்கம் பிரேசிலின் ஜாக்கி சில்வாவுக்கும் சாண்ட்ரா பீரெசுக்கும். எந்த விளையாட்டிலும் பிரேசில் பெண்கள் பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. இதே ஜாக்கி 1980களில் உள்ளரங்க வாலிபால் அணியிலிருந்து நீக்கப்பட்டவர். விளம்பரதாரர் பெயரைச் சுமக்கும் சட்டைக்குப் பெண்களுக்குக் காசு தரவில்லை என்று அந்தச் சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார். என் உடம்பில் எழுதுகிறாய் என்றால் கூலி கொடு. அவ்வளவுதான் அவர் கேட்டது. உடலரசியல் என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுவதை ஒரு பனியனைத் திருப்பி அவர் செய்து முடித்திருக்கிறார்.

இப்போது படம் எடுக்கிற காரியத்துக்கு வருகிறேன். விமர்சகர்கள் இதைத் தொடுவதில்லை. தொழில்நுட்பம் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

ஆடுகளம் 16 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். ஒரு பக்கத்துக்கு இரண்டே பேர். அதாவது 64 சதுர மீட்டர் மணலை இருவர் காக்க வேண்டும். உள்ளரங்க வாலிபாலில் ஆறு பேர் செய்வதை இங்கே இருவர் செய்கிறார்கள், அதுவும் கால் புதைகிற தரையில். ஏழு புள்ளிக்கொரு முறை அணிகள் பக்கம் மாறுகின்றன, வெயிலும் காற்றும் ஒருவருக்கே சாதகமாகிவிடக் கூடாது என்பதற்காக. புகைப்படக்காரருக்கும் இது வசதி: இடம் மாறாமல் உட்கார்ந்தே இரண்டு அணிகளின் முகத்தையும் முதுகையும் மாறி மாறி எடுக்கலாம். வெயில் உச்சியில் நின்றாலும் மணல் வெளிச்சத்தை மேலே திருப்பி அனுப்புவதால் தொப்பிக்குக் கீழே இருண்டு கிடக்கும் முகம் கொஞ்சம் துலங்கும். நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதற்கும் குறைவு என்று ஷட்டரை வைத்தால்தான் மணல் துகள் துகளாக உறையும். தரையோடு தரையாக உட்கார்ந்து எடுத்தால் எம்பல் இன்னும் உயரமாகத் தெரியும். பந்தும் முகமும் சட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம்.

பந்தும் முகமும். சரி, இந்தப் பாடத்தை ஒழுங்காகப் பின்பற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனால் பீச் வாலிபாலின் ‘அடையாளப் படம்’ என்று ஆகிப்போன ஒன்றில் பந்தும் கிடையாது, முகமும் கிடையாது. வலைக்குப் பக்கத்தில் நிற்கிற பெண்ணின் இடுப்புப் பகுதி மட்டும், பின்னாலிருந்து. முதுகுக்குப் பின்னால் மடக்கிய இரண்டு கைகள், விரல்கள் ஏதோ சைகை காட்டுகின்றன. மீதி எல்லாம் தசை.

அந்த விரல்கள் ஒரு மொழி. ஒரு விரல் என்றால் நேர்க்கோட்டு அடியைத் தடுக்கப் போகிறேன், கோணத்தை நீ பார்த்துக்கொள் என்று அர்த்தம். இரண்டு விரல் என்றால் கோணத்தை நான் தடுக்கிறேன், நீ கோட்டுக்குப் போ. மூடிய முஷ்டி என்றால் தடுப்புக்கே போகவில்லை, பின்வாங்கப் போகிறேன். இடது கை எதிரணியில் இடப்பக்கம் நிற்பவருக்கு, வலது கை வலப்பக்கத்தவருக்கு. சர்வீஸ் போடப் பின்னால் நிற்கும் ஜோடி இதை வாசித்துவிட்டுத்தான் பந்தைத் தூக்கிப் போடுகிறார். எதிரி பார்த்துவிடக் கூடாது என்பதால்தான் கை முதுகுக்குப் பின்னால் போகிறது. இரண்டு பெண்களுக்கிடையிலான ரகசியப் பேச்சு இது. ஒருவர் எழுத, ஒருவர் வாசிக்க, சில நொடிகளில் அழிந்துபோகிற பிரதி.

இந்தப் பேச்சைப் புகைப்படக்காரர் ஒட்டுக்கேட்கிறார் என்றால்கூட எனக்கு ஆட்சேபணை இல்லை. எல்லா ஆவணப் படமும் ஓரளவு ஒட்டுக்கேட்பதுதான். கேட்டுவிட்டு என்ன செய்கிறார் என்பதே கேள்வி. சட்டத்தை அகலமாக்கி, பின்னால் பந்தோடு நிற்கும் ஜோடியின் தோளையும் சேர்த்து எடுத்தால் அது உரையாடலின் படம். வாசிப்பவரை வெட்டிவிட்டு எழுதுகிற விரலையும் அதற்குப் பின்னால் இருக்கும் பிட்டத்தையும் மட்டும் வைத்தால் மொழி செத்து, தசை மிஞ்சுகிறது. விரல்கள் அங்கே ஒரு சாக்காக மட்டும் இருக்கின்றன. ‘ஆட்டத்தைத்தான் எடுத்தேன்’ என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு.

இது என் கற்பனை அல்ல. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் பீச் வாலிபால் ஒளிபரப்பை எண்ணிப் பார்த்து கிம்பர்லி பிஸ்ஸெல், ஆண்ட்ரியா டியூக் இருவரும் 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கேமராக் கோணங்களில் சுமார் 20 சதவீதம் மார்பு நெருக்கக்காட்சி, சுமார் 17 சதவீதம் பிட்டம். 2012இல் அமெரிக்காவின் மெட்ரோ பத்திரிகை ஒரு கிண்டல் செய்தது: எல்லா ஒலிம்பிக் விளையாட்டையும் பீச் வாலிபால் மாதிரிப் படம் எடுத்தால் எப்படி இருக்கும் என்று ஆண் வீரர்களின் பின்புறங்களை மட்டும் வெட்டித் தொகுத்துப் போட்டது. நல்ல பகடி. ஒரு கோட்பாட்டுக் கட்டுரை செய்ய வேண்டிய வேலையைக் கத்தரிக்கோல் செய்துவிட்டது.

பகடியையும் மிஞ்சுகிற நிஜம் ஒன்று உண்டு. 2011இல் லண்டனில் நடந்த முன்னோட்டப் போட்டியில் இரண்டு பிரிட்டிஷ் வீராங்கனைகளின் பிகினியின் பின்பக்கத்தில் ஒரு பந்தய நிறுவனம் க்யூஆர் குறியீட்டை அச்சிட்டது. கைப்பேசியால் படம் எடுத்தால் நிறுவனத்தின் இணையப் பக்கத்துக்குப் போகும். இங்கே பார்வையை விமர்சகர் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதே இல்லை. குறி அங்கேயே அச்சாகிவிட்டது. ஜாக்கி சில்வா திருப்பிப் போட்ட பனியனிலிருந்து இந்தக் குறியீடு வரைக்கும் ஒரு கால் நூற்றாண்டுத் தூரம், அவ்வளவுதான்.

இதையெல்லாம் சொன்னால் தோழர்கள் சிலர் உடனே, ‘அப்போ மூடிக்கிட்டு ஆடட்டும், இந்த மாதிரிப் படத்தைத் தடை பண்ணணும்’ என்கிறார்கள். அங்கேதான் எனக்குப் பயம். அதே கோரிக்கையோடு நமக்குப் பக்கத்தில் யார் வந்து நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டும். பண்பாட்டுக் காவலர்கள் ஏற்கெனவே வரிசையில் நிற்கிறார்கள்.

2021 என்ற ஒரே வருஷத்தை எடுத்துக்கொள்வோம். வருஷத் தொடக்கத்தில் ஜெர்மனியின் கார்லா போர்கரும் யூலியா சூடேவும் கத்தாரில் நடக்கவிருந்த போட்டியைப் புறக்கணிப்பதாக அறிவித்தார்கள். அங்கே பிகினி கூடாது, சட்டையும் முழங்காலளவு கால்சட்டையும் போட வேண்டும் என்றார்கள். எங்கள் வேலையுடுப்பைத் தீர்மானிக்க நீங்கள் யார் என்பது இவர்கள் வாதம். எதிர்ப்புக்குப் பிறகு அந்தத் தடை இல்லை என்றாகிவிட்டது. ஜூலையில் பல்கேரியாவில் ஐரோப்பிய பீச் ஹேண்ட்பால் போட்டி. நார்வே பெண்கள் பிகினிக் கீழாடை மாட்டேன் என்று அரைக்கால் சட்டையோடு ஆடினார்கள். அபராதம் 1500 யூரோ. ஒருவர் மூடச் சொன்னதை மறுத்தார், ஒருவர் திறக்கச் சொன்னதை மறுத்தார். இரண்டு மறுப்பும் ஒன்றே. இதில் ஒன்றை மட்டும் விடுதலை என்றும் மற்றதைச் சீரழிவு என்றும் சொல்கிறவர், முற்போக்காளராக இருந்தாலும் சரி, மதவாதியாக இருந்தாலும் சரி, அந்த அளவுகோலைத் தன் கையில் கேட்கிறார். அந்த ஆண்டு கடைசியில் ஹேண்ட்பால் சம்மேளனம் விதியை மாற்றியபோதும் பெண்களுக்கு ‘இறுக்கமான’ அரைக்கால் சட்டை என்று ஒரு பெயரடை ஒட்டிக்கொண்டது. ஆண்களுக்கு ரொம்பத் தொளதொளப்பாக இல்லாமல் இருந்தால் போதும்.

அதே ஆண்டு டோக்கியோவில் ஒலிம்பிக் ஒளிபரப்பின் தலைவர் யானிஸ் எக்சார்கோஸ், உடல் பாகங்களைத் துருவும் நெருக்கக்காட்சிகள் இனி இருக்காது என்றார். வரவேற்கலாம். ஆனால் அவர் அதிகாரம் ஒளிபரப்புக் கேமராக்களோடு முடிகிறது. மைதான ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்சிப் புகைப்படக்காரரை அது கட்டாது, மேசையில் படத்தை வெட்டுகிறவரையும் கட்டாது. தவிர, நெருக்கக்காட்சியை நீக்கினால் ஆபாசம் போகும், ஆட்டம் வந்துவிடுமா? கண்ணியமான தூரத்திலிருந்து எடுத்த தனியுடல் படங்கள் நிறைய வருகின்றன: நீல வானம், வளைந்த முதுகு, சிற்பம் மாதிரி ஒரு எம்பல். அழகுதான். ஆனால் பந்தை அங்கே தூக்கிக் கொடுத்த ஜோடி எங்கே?

நான் மதிக்கிற படங்கள் வேறு மாதிரி. ஒருத்தி மணலில் நெஞ்சு மோத விழுந்து ஒரு கையால் பந்தை எடுத்திருக்கிறாள். வாய் கோணியிருக்கிறது, பல்லில் மணல். சட்டத்தின் மறுஓரத்தில் இன்னொருத்தி ஓட்டத்தைத் தொடங்கிவிட்டாள், பந்து எங்கே வரும் என்று அவளுக்கு மட்டும் தெரியும். இரண்டு பேருக்கும் இடையில் வெறும் மணல். இந்த மாதிரிப் படங்கள் ஏஜென்சிகளின் கோப்பில் இல்லாமல் இல்லை. மேசைக்கு வருவதில்லை. வந்தாலும் இரண்டு பத்தி அகலத்துக்கு வெட்டும்போது ஓடுகிறவள் போய்விடுகிறாள்.

ரோலன் பார்த் 1980இல் வெளியான தன் புகைப்பட நூலில், படத்தில் நம்மைக் குத்துகிற ஒரு சிறு விவரத்தைப் பற்றிப் பேசுகிறார். நிக்கல்சனின் படத்தில் என்னைக் குத்துவது ஹிஜாபும் இல்லை, பிகினியும் இல்லை. கைகள். வலைக்கு இரண்டு பக்கமும் கைகள் ஒரே வேலையைச் செய்கின்றன. பெண்களுக்கு வலை உயரம் 2.24 மீட்டர், அதற்கு மேலே எட்டியிருக்கிற பகுதியில் இருவருக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. ‘பண்பாட்டு மோதல்’ என்ற தலைப்பு வலைக்குக் கீழே இருப்பதைப் பார்த்து எழுதப்பட்டது.

பத்து வருஷமாக ஹிஜாப் அணிகிறேன், நான் நேசிக்கிற விஷயங்களிலிருந்து அது என்னைப் பிரிக்கவில்லை என்ற பொருளில் எல்கோபாஷி அப்போது பேசினார். அவர் நேசித்த விஷயத்தைப் பற்றி யாரும் அடுத்த கேள்வி கேட்டதாக நான் வாசிக்கவில்லை. 2024இல் பாரிசுக்கு அவர் மறுபடி வந்தார். இம்முறை ஜோடி மார்வா அப்தெல்ஹாதி, அவரும் ஹிஜாபில். ஈஃபில் கோபுரத்தின் கீழே ஆடுகளம். எதிரே ஸ்பெயின் ஜோடி, பிகினியில். தன் நாட்டு வீராங்கனைகளுக்கு ஹிஜாபைத் தடுத்து, ஓட்டக்காரர் சுன்கம்பா சில்லாவை ஒரு தொப்பி போட்டுக்கொண்டு தொடக்கவிழாவுக்கு வரச் செய்த பிரான்சில், இந்த மணல் மேடையில் மட்டும் ஹிஜாபுக்குத் தடையில்லை. எட்டு வருஷம் கழித்தும் புகைப்படக்காரர்கள் வலையருகே இருவர் எம்பும் அதே நொடிக்குக் காத்திருந்தார்கள், கிடைத்தது, மறுநாள் அச்சானது. அப்தெல்ஹாதி முதுகுக்குப் பின்னால் எத்தனை விரல் காட்டினார் என்று தெரிந்தவர் எல்கோபாஷி ஒருவர்தான்.