படிச்சுட்டுச் சொல்லு

ப. சிங்காரம் எழுதியவை இரண்டே நாவல்கள். முதலாவதான 'கடலுக்கு அப்பால்' கலைமகள் போட்டியில் பரிசு பெற்றது. 'புயலிலே ஒரு தோணி' எழுதி முடித்துப் பல வருடம் பதிப்பாளர் கிடைக்காமல் கிடந்து 1972-ல் அச்சேறியது. அப்போது அதைப் பற்றிப் பேசியவர்கள் சொற்பம். ஆசிரியரோ மதுரையில் தினத்தந்தி வேலையும் ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையுமாகத் தனியே வாழ்ந்தவர். தன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நாலு பேரைப் பார்க்கிற சுபாவமும் அவருக்கு இல்லை. மெடானிலும் பினாங்கிலும் போர்க்காலத்தில் அலைந்த தமிழர்களின் அந்தக் கதை எப்படிப் பிழைத்தது? படித்த ஒருவர் இன்னொருவரிடம் "இதப் படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டதால் பிழைத்தது. எண்பதுகளில் சி. மோகன் அதை 'மோகமுள்', 'ஜே.ஜே: சில குறிப்புகள்' இரண்டோடும் சேர்த்துத் தமிழின் மூன்று முதன்மையான நாவல்களில் ஒன்றாக முன்வைத்தார். சிங்காரம் 1997-ல் காலமானார். அதற்குப் பிறகுதான் தமிழினி பதிப்பகம் இரண்டு நாவல்களையும் சேர்த்துக் கொண்டுவந்தது. நடுவில் இருந்த கால் நூற்றாண்டும் இரவல் பிரதிகளின் காலம். இரவல் கொடுத்தவர்கள் பெயர் எந்த இலக்கிய வரலாற்றிலும் கிடையாது.

தமிழ் நாவல்களுக்கான மதிப்பு பெரும்பாலும் வகுப்பறைக்கு வெளியே, நண்பர்களின் பேச்சில் உருவானது. அதனால் நம் நாவல் விமர்சனத்துக்கும் அந்தப் பேச்சின் குணமே வாய்த்துவிட்டது என்று நினைக்கிறேன். நண்பர்கள் பேசும்போது தீர்ப்பு முந்திக்கொள்ளும். காரணம் வந்தாலும் வரும், வராமலும் போகும். "மொத அம்பது பக்கம் பொறுத்துக்கோ, அப்புறம் விடாது" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் ஆதாரம் கேட்பதில்லை. சொன்னவரின் ருசி தெரியும், அது போதும். கேட்பவரின் ருசியும் சொன்னவருக்குத் தெரியும். இருபது வயதுப் பையனிடம் தயங்காமல் 'மோகமுள்'ளை நீட்டுகிறவர், 'ஜே.ஜே'யை நீட்டுமுன் ஆளை ஒரு பார்வை பார்ப்பார்.

இந்தப் பேச்சை அப்படியே அச்சில் ஏற்றியவர் க.நா. சுப்ரமண்யம். 'படித்திருக்கிறீர்களா?' என்று தன் நூலுக்கு அவர் வைத்த தலைப்பே நண்பனிடம் கேட்கிற கேள்விதான். பட்டியல் போடுவதும் பட்டியலை மாற்றிப் போடுவதும் அவருக்குச் சலிக்கவேயில்லை. ஏன் இந்த நாவல், ஏன் அது இல்லை என்று கேட்டால், படித்துப் பார்த்தால் தெரியும் என்கிற தொனிதான் கிடைக்கும். க. கைலாசபதிக்கு எரிச்சல் மூட்டியது இதுவே. 1968-ல் வெளியான அவருடைய 'தமிழ் நாவல் இலக்கியம்' சமூகப் பின்னணியையும் வர்க்கத்தையும் வைத்து வாதம் கட்டுகிறது. ருசியை மட்டும் நம்பும் விமர்சனத்தைச் சாடுகிறது. விமர்சன முறையாகப் பார்த்தால் கைலாசபதியின் கேள்விகள் நியாயமானவை. ஆனால் ஒரு வாசகனைக் கடைக்கு அனுப்பி, குறிப்பிட்ட ஒரு நாவலைத் தேடி வாங்க வைத்த எண்ணிக்கையில் க.நா.சு.வை அவர் நெருங்கவே முடியாது.

பட்டியலோடு நிற்காமல், சிபாரிசின் கடைசி எல்லைக்கே போனவர் க.நா.சு. நண்பனுக்குத் தெரியாத மொழியில் புத்தகம் இருந்தால் என்ன செய்வது? உட்கார்ந்து மொழிபெயர்த்துவிட வேண்டியதுதான். நட் ஹாம்சனின் 'நிலவளம்', செல்மா லாகர்லெவின் 'மதகுரு', பேர் லாகர்குவிஸ்டின் 'அன்புவழி' மூன்றும் அவர் கை வழியாக ஸ்காண்டிநேவியாவிலிருந்து தமிழுக்கு வந்தவை. ஆங்கிலம் வழி வந்த மொழிபெயர்ப்புகள் என்பதால் குறை சொல்ல இடமுண்டு. சுந்தர ராமசாமி மலையாளத்திலிருந்து தகழியின் 'தோட்டியின் மகன்', 'செம்மீன்' இரண்டையும் கொண்டுவந்ததும் இதே உந்துதலில்தான் என்று தோன்றுகிறது. நேஷனல் புக் டிரஸ்ட் மலிவு விலையில் வெளியிட்ட 'அக்னி நதி', 'நீலகண்டப் பறவையைத் தேடி' போன்றவை அச்சில் இல்லாமல் போனபோது ஜெராக்ஸ் கடைக்காரர்களும் இந்த மரபில் சேர்ந்துகொண்டார்கள்.

சிபாரிசுக்குத் தடயம் மிஞ்சுகிறது. படித்தபின் என்ன சொன்னார்கள் என்பதற்குத்தான் மிஞ்சுவதில்லை. எனக்கு இந்த இரண்டாவது பேச்சே முக்கியம். அது கிடைக்கிற சில இடங்களில் ஒன்று கடிதம். இடைசெவலில் பிறந்த இரண்டு பேர், கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். அழகிரிசாமி சென்னையிலும் மலாயாவிலும் இருந்த நாட்களில் ஊருக்கு எழுதியவற்றைக் கி.ரா. பத்திரப்படுத்தி வைத்ததால் அவை புத்தகமாயின. சங்கீதமும் இலக்கியமும் கலந்த கடிதங்கள். ஆனால் நாம் கேட்பது ஒருவர் குரலைத்தான். கி.ரா. என்ன பதில் எழுதினார், எதில் முரண்டு பிடித்தார் என்பதை ஊகிக்கத்தான் வேண்டும். வல்லிக்கண்ணனிடமிருந்து கார்டு வராத எழுத்தாளர் அந்தத் தலைமுறையில் அபூர்வம். தனக்கு வந்த புத்தகத்தைப் படித்து நாலு வரி எழுதாமல் அவரால் இருக்க முடியாது. குறைசொல்லாத மனம் அவருக்கு. அதனாலேயே அந்தக் கார்டுகளில் உற்சாகம் கிடைத்த அளவுக்கு எதிர்வினை கிடைக்கவில்லை. சுந்தர ராமசாமியின் 'நினைவோடை' வரிசை இதற்கு நேர்மாறு. க.நா.சு., கிருஷ்ணன் நம்பி, ஜி. நாகராஜன் என்று ஒவ்வொரு நண்பரையும் நினைக்கும்போது, யாருக்கு எந்தப் புத்தகம் பிடித்தது, யார் எதைத் தள்ளினார் என்பதெல்லாம் கூடவே வந்துவிடுகிறது. அடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் தமிழ் வாசிப்பின் வரலாற்றை எழுதுவதானால் விமர்சன நூல்களுக்கு முன் இவற்றைப் படிக்கலாம்.

இதுவரை சொன்ன வட்டங்கள் எல்லாம் ஆண்கள் வட்டங்கள். இதே காலத்தில் வீட்டுக்குள் இன்னொரு பேச்சு நடந்தது. 1950-ல் கல்கி இதழில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' வாராவாரம் கிழித்துச் சேர்க்கப்பட்டு, மணியம் வரைந்த படங்களோடு பைண்டு செய்யப்பட்டு, பக்கத்து வீடு, எதிர் வீடு, நாத்தனார் வீடு என்று போய்வந்தது. லக்ஷ்மி, அநுத்தமா தொடர்கதைகளும் அப்படியே. பைண்டு வால்யூமைத் திருப்பிக் கொடுக்க வந்தவரிடம் "நந்தினி செஞ்சது சரின்றியா?" என்று தொடங்கினால் அடுப்பில் பால் பொங்கும்வரை ஓடும். வாடகை நூலகங்களில் அடுத்த புத்தகம் எடுக்க நின்ற பெண்களிடமும் அதுவே. அங்கேயும் தீர்ப்பு முந்தியது, காரணம் பிந்தியது, க.நா.சு.வின் முறைக்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை. ஆனால் ஒன்று சிறுபத்திரிகையில் ஏறி விமர்சனம் ஆனது, மற்றது வம்பு என்று பெயர் வாங்கியது. லக்ஷ்மிக்கு 1984-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்த பிறகும் தீவிர இலக்கியப் பட்டியல்களில் இடம் கிடைக்கவில்லை. அவரை அங்கே சேர்க்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. அவருடைய பல நாவல்கள் ஒரே அச்சில் வார்த்தவை. ஆனால் அவரைப் படித்தவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாரும் கேட்டு எழுதாதது பெரிய இழப்பு. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964-லிருந்து இன்றுவரை கைமாறிக்கொண்டிருப்பதற்குக் காரணம் அதன் தரம் மட்டுமில்லை. சரியான வட்டத்தின் காதில் அது விழுந்தது.

இப்போது ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறவர்கள் கையில் சீட்டு இருப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நண்பர் அனுப்பிய அட்டைப் படங்களைக் கடைக்காரரிடம் காட்டுகிறார்கள். வாங்கிய புத்தகக் குவியலைப் படம் எடுத்துத் திரும்ப அனுப்புகிறார்கள். சிபாரிசு இவ்வளவு மலிவாக எந்தக் காலத்திலும் கிடைத்ததில்லை. எதிர்வினைதான் 'சூப்பர்' என்ற ஒற்றைச் சொல்லுக்கும் கைதட்டும் பொம்மைக்கும் சுருங்கியிருக்கிறது. விதிவிலக்கு வாய்ஸ் மெசேஜ். ஒரு நாவலை முடித்த சூட்டில், நடு இரவில், பதினோரு நிமிடம் மூச்சுவிடாமல் திட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டுவிட்டு, போனில் இடமில்லை என்று அழித்துவிடுகிறோம்.