அடையாளம் தெரியாமல் போவதுதான் நடிப்பா?

2025இல் கேரி ஓல்ட்மேனுக்கு பிரிட்டன் ‘சர்’ பட்டம் வழங்கியது. தகுதியானவருக்குத்தான் தந்திருக்கிறார்கள். ஆனால், அதையொட்டி வந்த பாராட்டுகளில் நான் அதிகம் கேட்டது அந்தப் பழைய வாக்கியத்தைத்தான்: “ஒவ்வொரு படத்திலும் ஆளே அடையாளம் தெரியாது!” இதைவிட உயர்ந்த புகழ் ஒரு நடிகருக்கு இல்லை என்பதுபோலச் சொல்கிறார்கள். பல ஆண்டுகளாக எனக்கு இதில் உடன்பாடில்லை. ஓல்ட்மேனின் நாற்பதாண்டுத் திரைவாழ்வில் எது சிறந்தது என்பதையே இந்தப் புகழ்ச்சி தலைகீழாக்கிவிட்டது.

அவருடைய திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. குரலை வளைப்பதிலும் வட்டார உச்சரிப்பைப் பிடிப்பதிலும் அவர் தலைமுறையில் அவருக்கு நிகரானவர்கள் மிகச் சிலர். உழைப்புக்கும் குறைவில்லை. வேடம் போடுவது பிழை என்றும் நான் சொல்லவில்லை. அவர் நடித்த கொப்போலாவின் ‘டிராகுலா’வை வேடமில்லாமல் எடுக்க முடியாது. வேடத்தையே நடிப்பென்று எண்ணி மகுடம் சூட்டுகிறோமே, என் வழக்கு அதோடுதான்.

‘டார்க்கஸ்ட் ஹவர்’ படத்தை எடுத்துக்கொள்வோம். சர்ச்சிலாக நடிக்க ஓல்ட்மேன் நாள்தோறும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒப்பனை நாற்காலியில் உட்கார்ந்தார். திரையுலகை விட்டு விலகியிருந்த ஒப்பனைக் கலைஞர் கசுஹிரோ சுஜியை அவரே கேட்டு அழைத்துவந்தார். 2018 ஆஸ்கர் மேடையில் அந்தப் படம் வாங்கியவை இரண்டே விருதுகள்: ஒன்று ஒப்பனைக்கு, இன்னொன்று சிறந்த நடிகருக்கு. ஒரே முகத்துக்கு இரண்டு விருது என்றுதான் எனக்குப் பட்டது.

அந்தப் படத்தின் உயிர் தயக்கத்தில் இருக்கிறது. 1940 மே மாதம். பிரான்ஸ் சரிந்துகொண்டிருக்கிறது. பிரிட்டன் படை டன்கிர்க் கடற்கரையில் சிக்கிக் கிடக்கிறது. சமாதானம் பேசிப் பார்க்கலாம் என்கிறார் வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ். அவர் சொல்வதுதான் சரியோ என்று ஒரு கணம் சர்ச்சிலுக்கே தோன்றுகிறது. இப்படியொரு தயக்கம் முகத்தில்தான் தெரியவேண்டும்: கன்னத்தின் ஓரத்தில், உதடு இறுகி நெகிழ்வதில், தொண்டை ஏறி இறங்குவதில். அந்த இடங்களில் பெரும்பகுதியைச் சிலிக்கோன் ஒட்டுத்தோல் மூடியிருக்கிறது. முகம் செய்யவேண்டிய வேலையைக் குரல் ஏற்றுக்கொள்கிறது. அதனால் உறுமுகிறது, வெடிக்கிறது, முழங்குகிறது. சுரங்க ரயிலில் பொதுமக்கள் நடுவே சர்ச்சில் உட்கார்ந்து கருத்துக் கேட்கும் காட்சி வரலாற்றில் நடக்காதது. அந்தப் பெட்டியில் ஒரு மனிதன் உடைந்து மீள்வதை நான் பார்க்கவில்லை. புகைப்படங்களில் கண்ட சர்ச்சிலோடு திரையில் இருப்பவரை ஒப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஒப்பிட்டுப் பார்த்து வியப்பதும் நடிப்பை உணர்வதும் ஒன்றல்ல.

அதே ஆண்டு அதே பிரிவில் போட்டியிட்ட இன்னொரு ஆங்கிலேயர் டேனியல் கலூயா. ‘கெட் அவுட்’ படத்தில் நாற்காலியின் கைப்பிடிகளைப் பற்றியபடி உட்கார்ந்திருப்பார். விழிகள் அகன்று நிலைக்க, கண்ணீர் தானாக வழியும். ஒட்டுவேலை எதுவும் இல்லாத அந்த முகத்தில் இருந்த அச்சம் இன்றும் என்னை விடவில்லை.

இதை ஓல்ட்மேனாலும் செய்ய முடியும், செய்தும் இருக்கிறார். 2011இல் வந்த ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ படத்தில் அவர் ஜார்ஜ் ஸ்மைலி. காருக்குள் ஒரு தேனீ நுழைந்துவிடுகிறது. கூட இருக்கும் இருவரும் கையை வீசி விரட்டப் பார்க்கிறார்கள். ஸ்மைலி அசையாமல் இருந்து, நேரம் பார்த்துக் கண்ணாடியை இறக்குகிறார். தேனீ வெளியே போய்விடுகிறது. அந்த உளவாளி யார் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

அதே படத்தில், டெல்லியில் சோவியத் உளவாளி கார்லாவைச் சந்தித்த கதையைச் சக உளவாளி கில்லமிடம் ஸ்மைலி சொல்கிறார். படம் பழைய காலத்துக்குப் போவதில்லை. எதிரே இருப்பது வெறும் நாற்காலி. ஸ்மைலி முன்னால் சாய்ந்து அதனிடமே பேசத் தொடங்குகிறார். மனைவி தந்த சிகரெட் லைட்டரைக் கார்லா எடுத்துக்கொண்டு போனதைச் சொல்லும்போது குரல் உயரவில்லை. ஆனால் மணவாழ்க்கையின் தோல்வி முழுவதும் அந்த முகத்தில் வந்துபோகிறது. இதற்கு ஆஸ்கர் பரிந்துரை மட்டுமே கிடைத்தது, விருது கிடைக்கவில்லை.

தொடக்கமும் இப்படித்தான் இருந்தது. 1989இல் பிபிசிக்காக ஆலன் கிளார்க் இயக்கிய ‘தி ஃபர்ம்’ தொலைக்காட்சிப் படத்தில் அவர் பெக்ஸ். வீடு, மனை விற்றுத்தரும் முகவர்; கால்பந்து வன்முறைக் கும்பலின் தலைவனும் அவன்தான். அவன் வீட்டில் வைத்த கத்தியைக் கைக்குழந்தை வாயில் வைத்துக் கிழித்துக்கொள்கிறது. அந்தக் கொடுமைக்காரனைப் பக்கத்து வீட்டுக்காரனாகக் காட்ட அவருக்கு ஒட்டுத்தோல் தேவைப்படவில்லை.

பிறகு ஹாலிவுட் அவரை வேடங்களுக்குள் தள்ளியது. ‘ட்ரூ ரொமான்ஸ்’ படத்தில் சடைமுடி, ‘ஃபிஃப்த் எலிமென்ட்’ படத்தில் தலையில் பிளாஸ்டிக் தகடு, ‘ஹனிபல்’ படத்தில் சிதைந்த முகம். ‘லியோன்’ படத்தில் வேடம் குறைவு, கூச்சல் அதிகம். இவை ரசிகர்களுக்குப் பிடித்தவை. எனக்கும் ஒருகாலத்தில் பிடித்தன. இன்று திரும்பப் பார்த்தால் ஒரு பெருங்கலைஞர் ஒளிந்துகொண்டிருப்பதாகவே தெரிகிறது. 2022 முதல் வரும் ‘ஸ்லோ ஹார்சஸ்’ தொடரின் ஜாக்சன் லாம்பையும் எண்ணெய்த் தலைக்காகவும் ஓட்டைக் காலுறைக்காகவும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அந்த அழுக்கும் ஒரு முகமூடிதான். லாம்ப் வசவை நிறுத்திவிட்டுச் சும்மா பார்க்கும் சில நொடிகளுக்காகத்தான் அந்தத் தொடரைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

இந்த வேறுபாடு ஓல்ட்மேனுக்குத் தெரியாததல்ல. 1997இல் அவரே எழுதி இயக்கிய ‘நில் பை மவுத்’ தென் லண்டனின் குடியும் அடியும் நிறைந்த குடும்பக் கதை. அவர் பிறந்து வளர்ந்த மண் அது. அதில் கேத்தி பர்க்கின் வீங்கிய முகத்தைக் கேமரா விட்டு விலகாது. காயத்துக்கு ஒப்பனை உண்டுதான். ஆனால் அது முகத்தை மறைக்கவில்லை, காட்டிக்கொடுக்கிறது. கான் விழாவில் பர்க்குக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது. இன்னொருவரின் முகத்தை அவ்வளவு நம்பிய இயக்குநர், நடிகராகத் தன் முகத்தை அந்த அளவு நம்பியது மிகச் சில முறைதான்.

அடுத்த முறை ஒரு நடிகரை அடையாளமே தெரியவில்லை என்று வியக்கத் தோன்றினால், அந்தக் காருக்குள் போய்ப் பாருங்கள். தேனீ பறந்துகொண்டிருக்கும். ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஓல்ட்மேனின் உச்சம் அங்கேதான் இருக்கிறது.