மொட்டைத் தாளைப் பார்த்துச் சிரித்த கதை

பி.எஸ். ஜான்சனின் ‘ஹவுஸ் மதர் நார்மல்’ நாவலைப் படிக்காத யாரைப் பார்த்தாலும் எனக்கு இப்போது கை பரபரக்கிறது. தேவிகாபுரம் பஸ் ஸ்டாப்பில் இதைப் படித்துத் தனியாகச் சிரித்ததில், பக்கத்திலிருந்த அம்மா கூடையோடு தள்ளி உட்கார்ந்துகொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

1971இல் வந்த ஆங்கில நாவல். முதியோர் இல்லத்தில் ஒரு சாயங்காலம்: சாப்பாடு, பாட்டு, கொஞ்சம் கைவேலை, விளையாட்டு. அவ்வளவுதான் கதை. அதை எட்டு முதியவர்களும், கடைசியில் இல்லத்தை நடத்தும் அம்மணியும் ஒவ்வொருவராக மனசுக்குள் ஓட்டுகிறார்கள். முதியவர்களுக்கு ஆளுக்கு 21 பக்கம். யாருடைய பகுதியைப் பிரித்தாலும் அதே பக்கத்தில், அதே வரியில் அதே சம்பவம்! தறி வீட்டில் பிறந்தவளுக்கு இது புரியாமல் போகுமா? அவரவர் நினைப்பு நீளவாக்கில் பாவு, அந்தச் சாயங்காலம் குறுக்கே ஊடை.

ஒவ்வொரு பகுதிக்கு முன்னாலும் ஆஸ்பத்திரி சீட்டு மாதிரி ஒரு பட்டியல்: வயசு, பார்வை எவ்வளவு, காது எவ்வளவு, என்னென்ன வியாதி. முதலில் வரும் சாரா லாம்சனுக்கு 74. நினைப்பு கோவையாக ஓடுகிறது. ஆள் மாற மாற வாக்கியம் உடைகிறது, சொற்களுக்கு நடுவே வெள்ளை விழுகிறது, சில பக்கங்கள் மொட்டைத் தாள். எட்டாவதாக 94 வயது ரொசெட்டா ஸ்டான்டன். அவருக்கு மிஞ்சியதெல்லாம் அங்கங்கே சிதறிய சில வெல்ஷ் சொற்கள்.

ஆனால் அந்த மொட்டைத் தாளில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும்! சாராவின் அதே பக்கத்தைப் புரட்டினால் போதும். ஈர மாப்பை ஈட்டியாக நீட்டிக்கொண்டு சக்கர நாற்காலிகள் மோதும் அமர்க்களம் அங்கே நடந்துகொண்டிருக்கும். வாய்விட்டுச் சொன்னது மட்டும் சாய்வெழுத்தில் இருக்கிறது. அடுத்தவர் காதில் கிறுக்குத்தனமாக விழுந்த வார்த்தை, சொன்னவர் பகுதிக்குப் போனால் அவர் நினைப்புக்குக் கச்சிதமான பதில்.

எங்கள் தாத்தா தறியை விட்டு வருஷக்கணக்காகிறது. திண்ணையில் உட்கார்ந்தபடி திடீரென்று, “இழை அறுந்துபோச்சு பாரு!” என்பார். சிரிப்போம். இப்போதும் சிரிக்கிறேன். ஆனால் இந்த நாவலைப் படித்த பிறகு, “எந்த இழை தாத்தா?” என்றும் கேட்டேன். “கரையிலே, அரக்குக் கலர்” என்றார் கோபமாக, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

நாவலில் வரும் இல்லத்து அம்மணி லேசுப்பட்டவர் இல்லை. பார்சல் பிரிக்கும் விளையாட்டில் உள்ளே நாய்ப்பீயைச் சுற்றிவைக்கிறார். கடைசியில் அவர் போடும் ஆட்டத்தை இங்கே எழுத முடியாது, வீட்டில் பெரியவர்களும் இதைப் படிப்பார்கள். அவருக்கு மட்டும் 22ஆவது பக்கம் உண்டு. அதில் கதையைவிட்டு வெளியே வந்து, நான் எழுத்தாளர் ஆட்டிவைக்கும் பொம்மை என்று போட்டு உடைக்கிறார்.

1969இல் 27 தனித்தனிக் கட்டுகளைப் பெட்டியில் போட்டு நாவல் என்று விற்ற மனுஷன்தான் ஜான்சன். இதை எழுதியபோது 40கூட ஆகவில்லை. எங்கிருந்து இத்தனை மூட்டுவலியைத் தெரிந்துகொண்டார்!

முதல் தடவை வரிசையாகப் படித்துவிடுங்கள். அடுத்த தடவை ஒன்பது பேரின் பத்தாம் பக்கத்தை மட்டும் எடுத்து ஒரே மூச்சில் படியுங்கள். பஸ் ஸ்டாப்பில் வேண்டாம்.