சக்கரத்தைத் தொடாதவள்

எனாமல் என்பது கண்ணாடிதான். பொடியாக அரைத்துச் செம்பிலோ வெள்ளியிலோ பரப்பி, சுமார் 800 டிகிரி சூட்டில் உருக்கி ஒட்டவைப்பார்கள். இந்தக் கலையைப் பற்றி 1906இல் லண்டனில் 'எனாமல்ஸ்' என்றொரு சிறு நூல் வெளியானது. எழுதியவர் எனாமல் கலைஞர் எடித் டாசன். நூலில் இருக்கும் ஆசிரியர் பெயரோ 'திருமதி நெல்சன் டாசன்'. உலை முன் நின்று பெற்ற அறிவு அவருடையது, பெயர் கணவருடையது.

பெயர் கிடைத்தால் மட்டும் போதுமா? எங்கள் திண்டிவனத்துக்குப் பக்கத்து ஊரான புதுச்சேரியில் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் 1971இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். எனாமலின் உடன்பிறப்பான கண்ணாடிப் பூச்சு இங்கே மண்ணின்மேல், ஏறத்தாழ 1,300 டிகிரியில் உருகுகிறது. ஜப்பானின் பிசென் நகரில் மண்வேலை கற்ற ஸ்மித், பட்டறையின் அன்றாடப் பாத்திரங்களைக் கவனித்துக்கொண்டார். மீக்கர், கட்டிமுடித்த வீட்டையே சூளையாக்கிச் சுடும் சோதனைகளுக்கும் பெரிய சிற்பங்களுக்கும் நகர்ந்தார்.

நம் கலை விமர்சனத்துக்குச் சிற்பம் என்றால் கலை. கோப்பை என்றால் சமையலறைச் சாமான். உதடு படும் விளிம்பில் பூச்சு எவ்வளவு மெல்லியதாக வேண்டும், வழிந்து சூளைப் பலகையில் ஒட்டாமலிருக்க அடியில் எங்கே நிறுத்த வேண்டும் என்பவை கையும் கண்ணும் சேர்ந்து எடுக்கும் முடிவுகள். புழங்கும் பொருள் என்பதற்காக இவற்றைக் கலைக்கு வெளியே வைப்பது, வீட்டுவேலையை வேலையாக எண்ணாத அதே பழக்கம்.

இன்னும் ஒரு படி இறங்க வேண்டும். இந்தியக் குயவர் குடும்பங்கள் பலவற்றில் பெண் சக்கரத்தைத் தொடக்கூடாது என்பது வழக்கம். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வீடுகளில் நான் பார்த்தவரை, மண் சலிப்பதும் பிசைவதும் பானையைத் தேய்த்து வழவழப்பாக்குவதும் பொங்கலுக்குத் தெருவில் வைத்து விற்பதும் அவர்கள்தான். 'நீங்க பானை செய்வீங்களாக்கா?' என்று கேட்டால், 'அவருதாம்மா செய்வாரு' என்றே பதில் வரும். ஸ்மித்தை இந்தச் சாதி வழக்கம் கட்டவில்லை, இவர்களைக் கட்டுகிறது. ஆகவே 'பெண் கலைஞர்' என்ற ஒரே சொல்லுக்குள் இருவரையும் அடைத்துவிட முடியாது.

விமர்சனம் படிக்கும் மாணவிகளிடம் நான் கேட்பது இதைத்தான்: ஒரு பாத்திரத்தைப் பற்றி எழுதும்போது, வனைந்தவர் பெயரோடு மண் பிசைந்தவர் பெயரையும் விசாரித்து எழுதுங்கள். 'அவருதாம்மா' என்ற பதிலோடு நோட்டை மூடிவிடாதீர்கள்.