ஈரத் தரையும் பலகையும்

மதுரைக்காரர்களுக்குப் பாணர் கதை புதிதல்ல. திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஆலவாய்க் கோயில் வாசலில் நின்று யாழ் வாசிக்கிறார். அவர் குலத்துக்கு உள்ளே போக வழக்கமில்லை. சொக்கநாதரோ அடியார்களிடம் சொல்லி அவரை உள்ளே வரவழைக்கிறார். அதோடு விட்டாரா? தரையின் ஈரம் பட்டால் யாழ் கெட்டுவிடும், பலகை இடுங்கள் என்கிறார்!

சேக்கிழாரின் மேதை இந்த ஈரத்தில்தான் இருக்கிறது. 'இவரை உள்ளே விடலாமா?' என்ற கேள்வியே கடவுளுக்கு எழவில்லை. அவர் கவலையெல்லாம் யாழைப் பற்றித்தான்.

ஆனால் அதே பாணர் திருவாரூர் போனதும் அவருக்கென்று வடதிசையில் வேறு வாயில் வகுக்கப்படுகிறது. சேக்கிழார் இதையும் அருளாகவே பாடுகிறார். எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். அருள் சம்பிரதாயமாக உறையத் தொடங்குவதை அவரே காட்டிவிடுகிறார். பின்னால் வந்தவர்கள் மதுரைப் பலகையை மறந்தார்கள்; 'வேறு' என்ற சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

1939 ஜூலை 8-ந் தேதி வைத்தியநாதய்யர் கக்கன் முதலியோரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அர்ச்சகர்கள் சிலர் பூஜை செய்ய மறுத்தார்கள். ஆலயப் பிரவேசத்துக்குப் பாதுகாப்பாக அந்த வருஷமே சென்னை சர்க்கார் சட்டம் செய்ய வேண்டியிருந்தது.

மறுத்தவர்கள் புராணம் அறியாதவர்களா? அறுபத்து மூவர் வரிசையில் பாணருக்கும் அந்தக் கோயிலுக்குள்ளேயே சிலை இருக்கிறது. கல்லான பாணர் உள்ளே இருக்கலாம்; உயிருள்ள பாணர்தான் வாசலில் நிற்க வேண்டும்!