பிடியைத் திறந்து பாருங்கள்

முதுகில் ரம்பப் பல், பிடியைச் சுற்றிக் கயிறு, மூடியைத் திருகினால் உள்ளே தீக்குச்சி, ஊசி, நூல். 1982-ல் வந்த 'ஃபர்ஸ்ட் பிளட்' படத்தில் ராம்போ வைத்திருந்த கத்தி இது. செய்தவர் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்துக்காரர், ஜிம்மி லைல். படம் ஓடியதும் மலிவு நகல்கள் குவிந்தன. அந்தக் குவியலில் நல்ல கத்தியை அடையாளம் காண்பதில்தான் ரசனை தொடங்குகிறது.

பல்லைப் பார்த்து மயங்காதீர்கள். அலகும் பிடியும் சேரும் இடத்தைப் பாருங்கள். மற்றக் கத்திகளில் அலகின் வால் பிடிக்குள் நீண்டு ஓடி, அடியைத் தாங்கும். இங்கே பிடி வெறும் குழல். பொருள் வைக்க இடம் வேண்டுமென்றால் வாலைக் குட்டையாக்கியே தீர வேண்டும். ஓங்கி வெட்டும்போது விழும் அடியெல்லாம் அந்த ஓர் இணைப்பின் மேல். மலிவு நகல்கள் உடைவதும் அங்கேதான்.

இந்தச் சிக்கலைக் கத்தி செய்தவர்கள் ஒவ்வொருவரும் எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்ப்பதே பெரிய சுவாரசியம். தென்னாப்பிரிக்காவில் தொழிலைத் தொடங்கிய கிறிஸ் ரீவ், அலகையும் பிடியையும் ஒரே எஃகுத் துண்டில் கடைந்தெடுத்தார், இணைப்பே கிடையாது. குழல் பிடிக் கத்திகளில் வேறு சுவாரசியங்களும் உண்டு. ராம்போவுக்கு முன்பே, 1960களில், ஃபுளோரிடாவின் ராண்டல் பட்டறை 'மாடல் 18' என்ற குழல் பிடிக் கத்தியைச் செய்தது. யோசனை தந்தவர் கேப்டன் ஜார்ஜ் இங்கிராம் என்ற அமெரிக்க ராணுவத்தினர். அதன் ரம்பப் பல் மரம் அறுக்க வந்ததல்ல. விழுந்த விமானத்தின் மெல்லிய உலோகத் தோலை அறுத்து வெளியேற. 1984-ல் வந்த 'பக்மாஸ்டர் 184' கத்தியின் குறுக்குக் காப்பில் இரண்டு கூர்முனைகளைத் திருகி மாட்டலாம், நங்கூரம் மாதிரி.

இப்படியொரு கத்தி கையில் கிடைத்தால் முதலில் மூடியைத் திருகுங்கள். மரை சொரசொரக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தண்ணீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா பாருங்கள். மூடியில் திசைகாட்டி இருந்தால், உள்ளே காற்றுக்குமிழி உருவாகியிருக்கலாம். ஊசி தடையின்றிச் சுழல்கிறதா என்பதே முக்கியம். பிடியை இறுகப் பற்றி அலகை மெல்ல அசைத்தால் நூலளவும் ஆடக் கூடாது.

வீட்டுக்கு வந்தபின் பளபளப்பாகத் தேய்க்காதீர்கள். பழைய எஃகின் சாம்பல் நிறம் போனால் வயதும் போய்விடும். தோலுறைக்குள்ளேயே போட்டு வைக்காதீர்கள்; தோல் ஈரத்தை இழுக்கும், துரு பிடிக்கும். லேசாக எண்ணெய் தடவித் தனியே வையுங்கள்.

பிடிக்குள் முன்பு வைத்திருந்தவர் விட்டுப்போன துருவேறிய தூண்டில் முள் ஒன்று கிடந்தால், எறிந்துவிடாதீர்கள். அப்படிப்பட்ட பொருளை வைப்பதற்காகத்தானே கத்தி தன் வாலையே இழந்தது!